மஞ்சள் சுடர்

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் பொழுது விடிவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்துகளிலிருந்து விறகுப் புகை கசிந்து, இரவெல்லாம் இறங்கிக் கிடந்த மூடுபனியோடு கலந்து, எது புகை எது பனி என்று பிரித்தறிய முடியாதபடி தேயிலை மலையின் மேல் படிகின்ற அந்த வேளையில், எந்த லயத்துக் காம்பராவில் கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த தேயிலைக் குச்சியான மிலாறு எரிகிறது, எந்தக் காம்பராவில் டர்ப்பன்டைன் கட்டை எரிகிறது என்று வாசனையைக் கொண்டே சொல்லிவிடக்கூடிய பெண்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். என் மூத்த அக்காள் அவர்களில் ஒருவர். நாற்பது வருஷம் கொழுந்து பறித்து, கொழுந்து இல்லாத நாளில் விறகு பொறுக்கி, அடுப்பின் குணத்தை மனிதர்களின் குணத்தைப் போல அறிந்து வைத்திருப்பவர். அப்பேர்ப்பட்டவருடைய வீட்டிலே, கொழும்பில் ஒரு கடையில் நின்று உழைக்கும் மகன் வாங்கிக் கொடுத்த இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று சீமெந்துத் திட்டின் மேல் அமர்ந்திருப்பதைச் சென்ற தை மாதத்தில் பார்த்தேன்.

அடுப்பைவிட என் கவனத்தைக் கவர்ந்தது அதன் மேலிருந்த கேத்தல். தீபாவளிக்கு வாங்கிய புதுக் கேத்தல் அது. மேற்பாதி வெள்ளியைப் போல மின்னிக்கொண்டிருக்க, அடிப்பாகம் மட்டும் பழைய லயத்துச் சுவரைப் போலக் கறுத்துக் கிடந்தது. விரலால் தடவினால் விரலிலே மை ஒட்டியது. அக்காள் சாயத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடும், ஏமாற்றப்பட்டவருக்குரிய மெல்லிய கோபத்தோடும் கேட்டார்: "ஏன் தம்பி, கேஸுலயும் கரி புடிக்குமா? புகை வராதுன்னுதானே வாங்கிக் குடுத்தான்?"

கேள்வி சாமானியமானதுதான். ஆனால் கேஸ் அடுப்பைப் பற்றி ஒரு குடும்பம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விறகு அடுப்பு தன் குறையை மறைக்கத் தெரியாத பிறவி. ஈர விறகென்றால் அழும், காற்றுப் போதாதென்றால் புகையும், கோபம் வந்தால் கண்ணைக் கரிக்கும். கேஸ் அடுப்போ மௌனி. தனக்கு நேர்ந்த குறையை அது வெளியிடும் வழிகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது சுடரின் நிறம். அக்காளின் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தபோது, நீலமாக, ஒரே வட்டமாக, அசையாமல் நிற்க வேண்டிய சுடர், ஒரு பக்கம் அறவே இல்லாமலும், மறுபக்கம் மஞ்சள் நாக்குகளாக நீண்டு கேத்தலின் அடியை நக்கிக்கொண்டும் இருந்தது. அந்த மஞ்சள் என்பது எரிந்து தீராத கரியின் நிறம். எரிய வேண்டிய கரி எரியாமல், சூட்டில் பழுத்து ஒளிர்ந்து, குளிர்ந்த பாத்திரத்தில் பட்டவுடனே மையாக ஒட்டிக்கொள்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கு கேத்தலின் அடியில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

1855ஆம் வருஷத்தில், ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் நகரிலே, பன்சன் என்ற இரசாயன பண்டிதர் தம்முடைய ஆய்வுசாலைக்காக உருவாக்கிய பர்னரின் தத்துவம்தான் இன்றைக்கு அக்காளின் சீமெந்துத் திட்டு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கேஸ் எரிவதற்கு முன்பே அதனோடு காற்றைக் கலந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். திருகைத் திறந்தவுடன், பித்தளையில் குண்டூசி நுனியளவு துளையிட்ட ஒரு சிறு ஜெட்டின் வழியே கேஸ் வேகமாகப் பீறிடுகிறது. பீறிடுகின்ற வேகத்தினாலேயே பக்கத்திலுள்ள வாயிலின் வழியாகக் காற்றையும் கூட இழுத்துக்கொண்டு குழாய்க்குள் புகுந்து, கலந்து, பர்னர் மூடியின் ஓரத்திலுள்ள துளைகளின் வழியே வெளிப்பட்டு எரிகிறது. இழுத்த காற்றுப் போதுமானால் சுடர் நீலம், போதாவிட்டால் மஞ்சள், மிதமிஞ்சினால் சுடர் துளையை விட்டுத் துள்ளிப் பிரிந்து இரையத் தொடங்கும். இவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால் கந்தப்பளையிலே காற்று என்பதே கொஞ்சம் சிக்கனமான சரக்கு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் ஓடிய ஒடுக்கமான புகையிரதம், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய இந்த மேடு கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கொழும்பிலே ஒருவன் ஒரு மூச்சில் இழுக்கின்ற காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே அதே மூச்சுக்குக் கிடைக்கிறது. மனிதன் பழகிக்கொள்கிறான், அடுப்பு பழகிக்கொள்வதில்லை. கடலோரத்துக் கடையிலே சோதித்துப் பார்த்து நல்ல நீலமாக எரிந்த அடுப்பு, இந்த மலையின் மேல் வந்ததும், தன் பங்குக்குரிய ஒட்சிசன் கிடைக்காமல் மஞ்சளிப்பதில் ஆச்சரியமில்லை. அநேக அடுப்புகளின் அடியில், ஜெட்டுக்கு அருகே, காற்று வாயிலைக் கூட்டவும் குறைக்கவும் திருப்பக்கூடிய ஒரு சிறு தகடு இருக்கும். மலைநாட்டுக்காரர்கள் அதைச் சற்று அதிகமாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கும் என்பதை விற்பவர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலை அந்த அடுப்பைக் கழற்றினோம். முதற்காரியமாகச் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முற்றும் ஆறும் வரை காத்திருந்தோம். இரண்டு பர்னர் மூடிகளையும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஒன்றில் ஓரத்துத் துளைகளில் கால்வாசி மூடிக் கிடந்தன. சோறு பொங்கி வழிந்த கஞ்சி, பால் வழிந்த ஆடை, அதன் மேல் எண்ணெய், அதன் மேல் மறுபடியும் கஞ்சி என்று படிந்து, வெந்து, இறுகிக் கல்லாகியிருந்தது. மற்ற மூடியோ பழுதற்றது. ஆனால் கழுவி வைத்தவர்கள் அதன் அடியிலுள்ள பள்ளம் சரியாகப் பொருந்தாமல் சாய்த்து வைத்துவிட்டபடியால், ஒரு பக்கத்து இடுக்கு வழியே கேஸ் தாராளமாகவும் மறுபக்கம் கருமித்தனமாகவும் வெளியேறும்படி இருந்தது. அந்த இரண்டாவது பர்னரின் கலவைக் குழாயின் வாயிலே டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிலந்தியொன்று வெள்ளைப் பஞ்சு போலக் கூடு கட்டிக் குடியிருந்தது. மாதக் கணக்கில் அந்த பர்னரைப் பற்றவைக்காமல் விட்டதன் பலன் அது. குழாயில் ஒரு சிலந்தி வலை போதும், காற்று வருகிற வழி தடைப்பட்டுச் சுடர் மஞ்சளாவதற்கு. சில சமயம், வழியற்ற கேஸ் பின்பக்கமாகக் காற்று வாயிலின் வழியே வெளிவந்து, அடுப்பின் அடியிலேயே எரியவும் கூடும்.

மூடிகளைச் சுடுநீரில் கொஞ்சம் சவர்க்காரமும் ஒரு எலுமிச்சைத் தோலும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, அடைத்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தோம். அக்காளின் மகள் அதே ஊசியைக் கொண்டு ஜெட்டையும் குத்தப் போனபோது நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். மூடியின் துளைக்கும் ஜெட்டின் துளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜெட்டின் துளை அளவெடுத்துத் துளைத்தது. பித்தளை மெத்தென்ற உலோகம். இரும்பு ஊசி ஒரு சுற்றுச் சுற்றினாலே துளை அகன்றுவிடும். அகன்ற துளை வழியே கேஸ் கூடுதலாக வரும், காற்றோ அந்த அளவுக்கு அதிகரிக்காது. சுடர் இன்னும் மஞ்சளிக்கும், செலவும் ஏறும். ஜெட் அடைத்திருந்தால் வாயால் ஊதலாம், மெல்லிய நைலோன் இழையால் துடைக்கலாம், அதற்கும் அசையாவிட்டால் புது ஜெட் வாங்கிப் போடலாம். கழுவிய மூடியை ஈரத்தோடு பூட்டுவதும் தவறு. துளையில் நிற்கும் நீர் கேஸுக்கு வழி விடாது. அக்காள் மூடிகளை விறகு அடுப்பின் மேலே புகைக்கூண்டுக்கருகில் வைத்து உலர்த்தினார். கேஸ் அடுப்புக்கு விறகடுப்பு செய்த உபகாரம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இனி சிலிண்டர் விஷயம். கந்தப்பளையின் குளிர் அதனோடும் சம்பந்தப்பட்டது. இலங்கையிலே சமையலுக்கு விற்கும் எரிவாயு பெரும்பாலும் பியூட்டேன். அதனோடு சிறுபங்கு புரப்பேன், ஏறத்தாழ எண்பதுக்கு இருபது என்ற கணக்கில், கலப்பது நெடுநாள் வழக்கம். புரப்பேன் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையிலும் ஆவியாகும் சுறுசுறுப்புடையது. பியூட்டேனோ கிட்டத்தட்ட பூச்சியத்திலேயே சோம்பிப் படுத்துவிடுவது. சமவெளியில் இந்த வேற்றுமை ஒருவருக்கும் தெரியாது. தை, மாசி மாதங்களில் புற்களின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகின்ற இந்த மலையிலே, விடியற்காலையில் இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்து வைத்தால், ஆவியாகும் திரவம் தன்னைச் சுற்றியுள்ள சூட்டையே குடித்து இன்னும் குளிர்ந்து, சிலிண்டரின் கீழ்ப்பாதி வேர்த்து, சுடர் சிறுத்து நடுங்கத் தொடங்கும். சிலிண்டர் காலியாகும் தறுவாயில் இது மேலும் கடுமையாகும். புரப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிட, எஞ்சி நிற்பது சோம்பேறிப் பியூட்டேன்தானே.

அந்தத் தறுவாயில் நம் ஜனங்கள் செய்கின்ற வைத்தியங்களைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. சிலிண்டரைக் கொதிநீர் நிரப்பிய பேசினில் இறக்குகிறார்கள். அடுப்படியில் தணலுக்குப் பக்கத்தில் நகர்த்துகிறார்கள். சிலர் குப்புறப் படுக்கவைத்து உருட்டி, "இன்னும் ரெண்டு நாளைக்கு வரும்" என்று திருப்திப்படுகிறார்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்போது அதன் மேற்பாகத்தில் ஆவியும் கீழே திரவமும் இருக்கின்றன. படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் இருநூறு லீற்றருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். பர்னரிலிருந்து ஆளுயரத்துக்குச் சுடர் எழும்புவதற்கு அதுவே போதும். குளிரால் சுடர் சிறுத்தால் ஒரு பர்னரை அணைத்து மற்றதை மிதமாக வைத்துச் சமைப்பதும், சிலிண்டரைச் சீமெந்துத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகையின் மேல் நிமிர்த்தி வைப்பதுமே உசிதமான வழி. ஐந்து மணிக்கு அடங்கியிருந்த சுடர், வெயில் ஏறிய பத்து மணிக்குத் தானே நிமிர்ந்துவிடும்.

இந்தப் பியூட்டேன், புரப்பேன் என்ற பெயர்களெல்லாம் தோட்டத்து மக்கள் வாயில் புழங்கத் தொடங்கியது 2021ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களிலேதான். நவம்பரிலும் டிசம்பரிலும் நாட்டின் பல பாகங்களிலும் சமையலறைகள் வெடித்தன. கண்ணாடி மேற்றட்டு அடுப்புகள் சிதறின. ஒவ்வொரு நாள் மாலைச் செய்தியிலும் ஓர் ஊர்ப் பெயர் வந்துகொண்டிருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து, எரிவாயுவின் கலவை விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று டிசம்பரில் தெரிவித்தது. சாதாரண உஷ்ணத்தில் பியூட்டேனைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு வலிமையோடு புரப்பேன் தள்ளுகிறது. பழைய கலவைக்குப் பழகிய வால்வும் ரெகுலேட்டரும் ஹோஸும், புரப்பேன் கூடிய கலவையின் புதிய தள்ளுதலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கசிந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க விஞ்ஞானி தேவையில்லை. குற்றம் அடுப்படியில் நின்ற பெண்களுடையதன்று என்பதை நான் முதலில் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால், அக்காலத்தில் பாவனையாளர்களின் அஜாக்கிரதை என்று வியாக்கியானம் செய்தவர்களும் இருந்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் லயத்திலே பயம் விபரீதமான உருவங்களை எடுத்தது. சிலிண்டரை முற்றத்தில் மழையிலே நிறுத்தி, சுவரைக் குடைந்து, பத்தடி நீள ஹோஸை உள்ளே இழுத்தவர்கள் உண்டு. ஹோஸ் எவ்வளவுக்கு நீளுகிறதோ, அவ்வளவுக்கு எலி கடிக்கவும் கால் இடறவும் சுவர் விளிம்பு அறுக்கவும் இடம் கொடுக்கிறது என்பது அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பைத் துணியால் மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, சிலிண்டரை மட்டும் திறந்தபடி மறந்துபோன வீடு ஒன்றையும் அறிவேன். ஆனால் அதே பயம் ஒரு நல்ல பழக்கத்தையும் கற்றுக் கொடுத்தது. சவர்க்கார நுரையைச் சிலிண்டரின் வால்வு, ரெகுலேட்டர், ஹோஸ் பூட்டிய இடம் ஆகியவற்றில் பூசி, குமிழி எழுகிறதா என்று பார்ப்பது. பள்ளிக்கூடம் போகாத கிழவிகள்கூட அன்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குமிழி பார்த்தார்கள். அந்தப் பழக்கம் இப்போது மறைந்துவருகிறது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் செய்ய வேண்டிய இரண்டு நிமிஷக் காரியம் அது. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் சூரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இதுவரை பிழைத்திருப்பது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

கேஸுக்குத் தன்னளவில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்பதற்காக எதைல் மெர்கப்டன் என்ற துர்நாற்றப் பொருளை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். அந்த நாற்றம் அழுகிய கோவாவின் நாற்றத்தை ஒத்தது. இந்த இடத்தில் கந்தப்பளைக்காரனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகின்ற ஊர் இது. விலை விழுந்த வாரங்களில் பாதையோரத்தில் கொட்டிய கோவாவும் லீக்ஸ் தழையும் மழையில் ஊறி அழுகி, ஊரே அந்த வாசனையில் மிதக்கும். "வெளியில கோவா நாறுது" என்று ஜன்னலை அடைத்துக்கொண்ட வீட்டுக்குள்ளே நாறியது கேஸ் என்று பின்னால் தெரிந்த சம்பவம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. தெய்வாதீனமாக அன்று ஒருவரும் தேத்தண்ணி வைக்க அவசரப்படவில்லை. ஆகவே இவ்வூரில் மூக்கை மட்டும் நம்பியிருப்பது போதாது. நாற்றம் அடுப்புத் திட்டுக்குக் கீழே, தரையோரத்தில் அதிகமா என்று குனிந்து பார்ப்பது ஒரு நல்ல உபாயம். கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. விறகுப் புகையைப் போல மேலே போகாது, தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடத்தை நாடும். இஸ்தோப்பிலிருந்து ஒரு படி இறங்கிப் போகும்படி கட்டிய அடுப்படிகள் எங்கள் லயங்களில் ஏராளம். அப்படிப்பட்ட அடுப்படி, கசிந்த கேஸுக்குக் கிணறு மாதிரி. புகைக்கென்று கூரையில் விட்ட ஓட்டை அங்கே பிரயோஜனப்படாது. தரைமட்டத்தில் கதவோ, சுவரின் அடியில் ஒரு துவாரமோ வேண்டும்.

நாற்றம் உறுதியானால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற மின்விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பிறக்கிறது. சாமிப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கும் நெருப்புதான் என்பதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்துக் காம்பராவில் மிலாறு எரிந்துகொண்டிருந்தால் அவர்களுக்கும் குரல் கொடுக்க வேண்டும். லயத்திலே ஒரு சுவர்தானே நடுவில்.

ஹோஸைப் பற்றி எனக்கொரு சொந்த வருத்தம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னர், டவுனில் ஒரு கடையில் நான் வாங்கிய ஹோஸ் புத்தம் புதியது என்று சொல்லி விற்கப்பட்டது. வீட்டுக்கு வந்து கிளிப்பை இறுக்கும்போது வளைத்துப் பார்த்தேன். ரப்பரிலே முடியளவு வெடிப்புகள் வரி வரியாக ஓடின. கடையின் அலமாரியில் எத்தனை வருஷம் வெயில் குடித்ததோ! ஹோஸில் உற்பத்தி வருஷம் பொறித்திருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அன்று முதல் வருஷத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே ஹோஸை வைத்திருப்பதும் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயைக் கேஸுக்குப் பூட்டுகிற சிக்கனக்காரர்களுக்கு நான் சொல்லும் வார்த்தை ஒன்றும் அச்சேறத் தக்கதன்று.

சிக்கனம் என்றவுடன் 2022 ஞாபகத்துக்கு வருகிறது. 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாய்க்குக் கிடைத்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாயாகி, அந்த விலைக்கும் கிடைக்காமல், வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் அடுக்கி, அவற்றைச் சங்கிலியால் பிணைத்து, ஜனங்கள் மழையில் காத்துக் கிடந்த வருஷம் அது. நகரத்தார் விறகுக்கு அலைந்தார்கள்; அக்காளோ வழக்கம்போல மிலாற்றுக் கட்டைத் தலையில் ஏற்றினார். அந்த வருஷத்தில் கற்ற பாடங்கள் இன்றும் அவர் அடுப்படியில் உயிரோடிருக்கின்றன. முதற்பாடம், இந்த உயரத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை என்பது. 93, 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிற நீரில் கிடந்தாலும் பருப்பு கல்லாகவே இருப்பதற்கும், கொழும்பிலிருந்து வரும் மருமகள் "இந்த ஊர்ப் பருப்பு வேகாது" என்று பருப்பின் மேல் பழி போடுவதற்கும் காரணம் இதுதான். சுடரைக் கூட்டிப் பயனில்லை. ஒரு தடவை கொதி வந்துவிட்ட நீர் எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆவியாகி மட்டுமே போகும். குக்கரின் மூடிதான் இங்கே உபகாரி. உள்ளே அழுத்தம் கூடி உஷ்ணம் நூறு பாகையைத் தாண்டுகிறது. கடலோரத்தில் குக்கர் சௌகரியம், கந்தப்பளையில் அவசியம்.

கடலையையும் பயற்றையும் இரவே ஊறப்போடுவது, கொதி வந்தவுடன் சுடரை நேர்பாதியாகக் குறைப்பது, மூடியிட்டுச் சமைப்பது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள்; செய்வோர் சிலர். அதிகம் பேர் அறியாதது பாத்திரத்துக்கும் சுடருக்கும் உள்ள பொருத்தம். சுடர் பாத்திரத்தின் அடியோடு நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஏறிப் பிடியைச் சுடுகின்ற சுடர், அடுப்படியைச் சூடாக்குவதற்காக எரிகிறதே தவிரச் சோற்றுக்காக அன்று. சிறிய கேத்தலைப் பெரிய பர்னரில் வைத்துத் தேத்தண்ணி போடுவது எங்களூர்ப் பழக்கம். பெரிய பர்னர் ரொட்டிக்கல்லுக்கும் சோற்றுப் பானைக்கும் உரியது. ரொட்டியிலும் ஒரு விசேஷம் உண்டு. கனத்த கல் சூடேறியபின் அரைச் சுடரே போதும். கடைசி இரண்டு ரொட்டிக்கு அடுப்பை அணைத்துவிட்டே அக்காள் சுடுகிறார்.

விறகடுப்பை அடியோடு துறந்துவிடுங்கள் என்று நான் யாருக்கும் உபதேசிக்க மாட்டேன். 2022ஐக் கண்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் அந்தப் புகைக்கு நாம் கொடுத்த விலையும் அற்பமன்று. வீட்டுக்குள்ளே விறகு முதலியவற்றை எரிப்பதால் எழும் மாசு, 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேருடைய மரணத்துக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே தலைமுறை தலைமுறையாக இருமிய என் அப்பாயியை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. இன்று, இந்திய உதவியோடு கட்டிய வீடுகளிலும், 2017இல் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் போன்ற திட்டங்களிலும், ஏழு பேர்ச் காணியும் தனி அடுப்படியும் என்ற யோசனை கைகூடத் தொடங்கியிருக்கிறது. இரண்டு அடுப்பும் வைத்துக்கொள்வோர், தணல் இருக்கும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

குளிருக்காகச் செய்கிற ஒரு காரியம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டிலே, ஜன்னல் சந்துகளைப் பழந்துணியால் அடைத்து, கதவைச் சாத்தி, கேஸ் அடுப்பைச் சும்மா எரியவிட்டு அறையைச் சூடேற்றுகிறார்கள். சிலர் தணல் சட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகிறார்கள். அடைத்த அறையில் சுடர் ஒட்சிசனைத் தின்றுகொண்டே போகும். ஒட்சிசன் குறையக் குறைய மஞ்சளிக்கும். மஞ்சளித்த சுடரும் தணலும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை உமிழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி, நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கேத்தலின் அடியில் ஒட்டிய கரி தோன்றிய அதே குறையெரிவிலேதான் இந்த நஞ்சும் பிறக்கிறது. அக்காளிடம் இதைச் சொன்னபோது அவர் கேத்தலைப் பார்க்கவில்லை. பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்து வரும்போது, அந்த ஜன்னலின் மேற்கதவில் அடைத்திருந்த துணி கழற்றப்பட்டு, கொடியிலே தொங்கியது. அடுப்படியில் பர்னர் நீலமாக, ஒரே வட்டமாக எரிந்துகொண்டிருந்தது. ஊசிக்கு மசியாத இரண்டு துளைகளின் இடத்தில் மட்டும், பால்பல் விழுந்த குழந்தையின் வாயைப் போல ஒரு சிறு இடைவெளி. அதன் மேல் வேறொரு பாத்திரத்தில் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது. கேத்தலைக் காணோமே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பீலிக்கரையில் குந்தியிருந்து, நேற்றைய விறகடுப்புச் சாம்பலைத் தேங்காய்த் தும்பில் தொட்டுத் தொட்டு, அக்காள் கேஸ் அடுப்பின் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.